நியூட்ரலில் நாற்பத்தாறு கிலோமீற்றர்

1

இன்று சனிக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சமையலறை மேசையில் இருந்தபடி ஒரு படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்தினேன். அதன் பிறகு எனக்கு இந்த வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை தேநீர் போட்டேன். இரண்டும் ஆறிப்போய் மேசையில் இருக்கின்றன.

டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில், காற்று ஓயாத ஒரு சிறு நகரத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வந்த நாளிலிருந்து கொப்பி எழுதுகிறேன். எழும்பிய நேரம், அன்றைய குளிர், வண்டி ஓடிய தூரம், வந்தவர், போனவர், வாசித்த புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் வரை போனேன் என்பது எல்லாம் அதில் இருக்கும். மனைவி உயிரோடு இருந்தபோது, “உங்கட கொப்பியில நான் எத்தின வரி?” என்று கேட்பாள்.

என் வண்டியின் ஓட்டோமெற்றிக் கியர்பொக்ஸ் இரண்டு மாதமாக உதறுகிறது. இங்கே கராச்சுக்குப் போய், “இதைக் கொஞ்சம் பாருங்கோ” என்று சொல்ல முடியாது. முதலில் கணினியில் படிவம். அதைத் திறக்க அரசாங்கத்தின் மின் சாவி. முதல் படிவம் திரும்பி வந்துவிட்டது. வண்டி இலக்கம் பிழையாம். பிழை என்னுடையதுதான். இவர்கள் எழுபத்து நான்கை ‘நான்கும் எழுபதும்’ என்று சொல்வார்கள். காப்புறுதிக்காரப் பெண் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் நாற்பத்தேழு என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் அவசரத்தில் இந்த எண்கள் எனக்குத் தலைகீழாகவே விழுகின்றன.

இரண்டாவது படிவத்தில் பதினோராவது கேள்வி: ‘இயக்கும் சில்லுகள் நிலத்தில் உருள, இந்த வாகனம் எப்போதாவது கட்டி இழுக்கப்பட்டதா?’

இல்லை. இந்த வண்டி இழுக்கப்படவில்லை. நான் அழுத்தியது உண்மைதான்.

பிறகு போன வருடக் கொப்பியை எடுத்து இதே திகதியைத் திறந்தேன். தேடிப் போகத் தேவையில்லை, அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். ‘வாகரை கடந்து நின்ற இடத்தில் 73,301. சித்தாண்டியில் 73,301’ என்று எழுதியிருக்கிறது. வண்டி ஓடிய தூரம், இரண்டு ஊருக்கும் ஒரே எண். நடுவில் ஒரு வரியும் இல்லை.

2

அந்த வண்டி என் அக்காவுடையது. அக்கா எங்கள் ஊரில், கல்லடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊருக்கு ரீச்சர். அத்தான் இறந்து ஆறு வருடம். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அந்தக் கால் முழுதாக மடங்காது. கிளச் மிதிக்க ஏலாது என்பதால் இடது காலுக்கு வேலையில்லாத ஒரு சிறு யப்பான் வண்டியை நான் வாங்கிக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில், மூன்றாவது முயற்சியில், அக்கா லைசன்ஸ் எடுத்தார். அந்த நாளும் கொப்பியில் இருக்கிறது: ‘அக்கா பாஸ். தொலைபேசியில் பத்து நிமிடம் சிரித்தார்.’

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் மீன் வாங்கப் போவார். பாலம் தாண்டி நகரத்துக் கிளினிக்குப் போவார். வெள்ளிக்கிழமைகளில் சித்தாண்டி முருகனிடம் போவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்வருவார். நான் தொலைபேசியில் எடுத்தால், “தம்பி, ரோட்டில நிக்கிறன், பிறகு எடு” என்பார். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

போன வருடம் நாலு கிழமை லீவில் மகள் ஆரணியோடு ஊருக்குப் போனேன். ஆரணிக்கு அப்போது பத்தொன்பது வயது. தமிழ் எல்லாம் விளங்கும், பேசும்போது சொற்களைத் தேடுவாள். புறப்பட இன்னும் பத்து நாள் இருக்கையில், என்னோடு படித்த ஒருவனைப் பார்க்க வாகரைக்குப் போக வண்டி கேட்டேன். அக்காவுக்கு விருப்பமில்லை.

“அவ்வளவு தூரம் நான் இத ஓடினதில்ல தம்பி. வழியில என்னவும் எண்டா வண்டி ஏத்துற லொறிக்கு எடு. அந்த நம்பர் கண்ணாடியில ஒட்டிரிக்கி.”

“அக்கா, நான் பனியில வண்டி ஓடுறவன்.”

“ஓம் ஓம், பனியில ஓடுறவர். வாகரையில பனி கொட்டுதாம், பாத்துப் போ” என்று சாவியைத் தந்தார்.

3

திரும்பும்போது, வாகரையை விட்டு வெளிக்கிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ரேடியேட்டர் குழாய் வெடித்தது. வண்டிக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் ரோட்டில். பகல் இரண்டு மணி வெயில். பக்கத்துக் கடையில் அந்த அளவுக் குழாய் இல்லை. சித்தாண்டியில் ஒரு கராச்சில் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பருக்கு எடுத்தேன். லொறி வர மூன்று மணி நேரம் ஆகுமாம்.

அப்போது பெட்டியில் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்து தானாக நின்றது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ரோட்டில் ஒரு வண்டி வாயைத் திறந்துகொண்டு நின்றால், உழவு மெசின் வைத்திருப்பவர் பார்த்துவிட்டுப் போக மாட்டார். கயிறு எப்போதும் இருக்கும். கூலி கேட்டால் கோபம் வரும்.

“நான் சித்தாண்டிக்குத்தான் போறன் அண்ண. கட்டுவமா?”

“ஏத்துற லொறி வருதாம்...”

“லொறி வாறத்துக்குள்ள நான் உங்கள ரெண்டு தரம் கொண்டு போய் விட்டிருவன். நியூட்ரல்ல போட்டுட்டு நித்திரை கொள்ளுங்க.”

பின்சீட்டில் ஆரணி வண்டியின் கைநூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முழுவதும் யப்பான் மொழி. அக்காவும் படிக்கவில்லை, விற்றவரும் படித்திருக்க மாட்டார். ஆனால் ஒரு பக்கத்தில் படம் இருந்தது. முன்சில்லுகள் நிலத்தில் இருக்க, கயிற்றில் இழுபடும் வண்டி. அதன் மேல் சிவப்பில் பெரிய புள்ளடி.

“அப்பா, இதப் பாருங்க. இழுக்கக் கூடாது.”

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இங்கே என் வண்டியின் கைநூலிலும் அதே படம் இருக்கிறது, அதை வாங்கிய அன்றே முழுவதும் வாசித்தவன் நான். எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பொக்ஸுக்குள் எண்ணெயைத் தள்ளுகிற பம்பும் ஓடாது. சில்லு உருள உருள உள்ளே பற்கள் காய்ந்தபடி சுற்றும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வெயிலும், வீதியில் கூடிநின்ற நாலு பேரும், மூன்று மணி நேரமும் இருந்தன. ஊரில் எல்லோரும் இப்படித்தானே இழுக்கிறார்கள் என்ற எண்ணமும் இருந்தது.

“அது யப்பானில” என்றேன்.

மெசின்காரர் சிரித்தார். ஆரணி சிரிக்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இழுபட்டோம். சாவியைப் பாதிதான் திருப்பியிருந்தேன், ஸ்டியரிங் பூட்டாமல் இருப்பதற்காக. அதனால் ஓடிய தூரத்தைக் காட்டும் எண் அசையவில்லை. ரோட்டோரக் கிலோமீற்றர் கட்டைகளை நான் எண்ணினேன். நாற்பத்தாறு. கொப்பியில் எழுத எடுத்து, எழுதாமல் வைத்தேன்.

சித்தாண்டியில் அரை மணி நேரத்தில் குழாய் மாற்றி, நாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்தோம். குழாய் வெடித்ததையும் மாற்றியதையும் அக்காவிடம் சொன்னேன். கயிற்றைச் சொல்லவில்லை.

4

மூன்றாம் நாள் வண்டி வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் இரையும், வண்டி நகராது. ஐந்தாம் நாள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. அப்போது ஓட்டியது அக்கா.

நாவற்குடாவில் யோகனின் கராச். தகரக் கொட்டில், சீமெந்து நிலம், ஒரு மாமரம். யோகன் அக்காவிடம் படித்தவன், நாற்பது வயதிருக்கும். இங்கே டென்மார்க் கராச்சில் மஞ்சள் கோட்டைத் தாண்டி வாடிக்கையாளன் கால் வைக்கக் கூடாது. அங்கே கால் வைத்தவுடன் என் கையில் ரோச் லைட்டைத் தந்துவிட்டான்.

பற்றரியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, முன்சில்லுகளை எடுத்து, சில்லுக்குப் போகும் இரண்டு இரும்புத் தண்டுகளையும் உருவினான். கியர்பொக்ஸை எடுத்தால் எஞ்சினின் ஒரு பக்கம் தொங்கிவிடும். அதனால் வண்டியின் இரண்டு ஓரத்துக்கும் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வைத்துச் சங்கிலியால் எஞ்சினைக் கட்டினான். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் தட்டையான குடம் மாதிரி ஒன்று இருக்கிறது. கொன்வேட்டர் என்பார்கள், உள்ளே எண்ணெய் சுழலும். அதன் ஆறு போல்ட்களையும் உள்ளங்கை அளவு ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். நான் மேலே நின்று பெரிய ஸ்பானர் போட்டு எஞ்சினைத் திருப்பினேன். கீழே படுத்திருந்து யோகன் கத்துவான்:

“திருப்புங்க அண்ண... இன்னும்... இன்னும்... ஆ, நில்லுங்க!”

கழற்றிய போல்ட்களை ஒரு அட்டைப்பெட்டி மூடியில் வண்டியின் படத்தைக் கீறி, அந்தந்த இடத்தில் குத்தி, இலக்கமும் நேரமும் எழுதினேன்.

“போல்ட்டுக்குச் சாதகம் எழுதுறார் அண்ணர்” என்றான் யோகன். “பேரும் வெச்சு விடுங்க.”

கியர்பொக்ஸ் பாரம் தாங்கும் ஜக்கில் மெல்ல இறங்கி நிலத்துக்கு வந்தபோது பின்னேரம் நாலு மணி இருபது. அக்கா ஆரணியோடு ஓட்டோவில் வந்திறங்கினார். யோகன் கதிரையைத் துடைத்துப் போட்டான். வடித்த எண்ணெயில் விரலை விட்டு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தான். சிவப்பாக இருக்க வேண்டியது தார் நிறத்தில் இருந்தது. கருகிய மணம். விரலில் ஊசித் தூள் போல இரும்பு மின்னியது.

“இத ஆரும் கட்டி இழுத்ததோ அண்ண? எஞ்சின் ஓடாம?”

அக்கா கதிரையில். ஆரணி மாமரத்தடியில்.

“இல்லை” என்றேன்.

யோகன் தலையைச் சொறிந்தான். “அப்ப கொஞ்சங் கொஞ்சமாத்தான் போயிரிக்கி. முழுசா நிக்கிறத்துக்கு முதல் ரிவர்ஸ் போடுற ஆக்கள்ற வண்டியில இப்பிடிக் கண்டிரிக்கன்.”

“அது நாந்தான்” என்றார் அக்கா.

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

“வீட்டுக் கடப்பால உள்ளுக்கு எடுக்கக்குள்ள பின்னால ஹோன் அடிப்பானுகள். அவசரத்துல ரிவர்ஸப் போட்டிருவன். டக்கெண்டு ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு நாளும் வரும்.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாந்தான் உடச்சிரிக்கன்.”

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். யோகன் இருந்தான், எண்ணெய் இருந்தது, சாட்சியாக மகளும் இருந்தாள். நான் அட்டையில் கடைசிப் போல்டுக்கு இலக்கம் எழுதினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆரணி டெனிஷ் மொழியில் கேட்டாள், “ஏன் பொய் சொன்னீங்கள்?”

“உனக்கு விளங்காது, அது பெரியாக்கள்ற விஷயம்” என்று தமிழில் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த லீவில் அவள் என்னோடு தமிழில் பேசவில்லை.

5

கொழும்பிலிருந்து பாவித்த கியர்பொக்ஸ் ஒன்று லொறியில் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை பூட்டினோம். பூட்டுவதில் கடினமான இடம் அந்தக் கொன்வேட்டர்தான். அதைக் கியர்பொக்ஸுக்குள் வைத்து, தள்ளாமல், கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே பற்கள் ஒவ்வொன்றாகச் சேரும்போது அது இறங்கும்.

“மூண்டு தரம் இறங்கணும் அண்ண. கன பேர் ரெண்டாவதோட சரியெண்டு நினைச்சு, மிச்சத்தப் போல்ட்டால இறுக்கி இழுப்பாங்க. அப்பதான் பம்ப் உடையிற.”

கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். ஒன்று. இரண்டு. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. மூன்றாவது இறங்கியபோது அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. இரும்பு ரூலரால் ஆழத்தை அளந்து எழுதினேன். என் அட்டையில் இருந்த எல்லாப் போல்டும் தன் தன் இடத்துக்குப் போயின, ஒன்றும் மிஞ்சவில்லை. யோகன்கூட, “சாதகம் பொருந்திரிக்கி” என்றான்.

ஓட்டிப் பார்த்து வந்தோம். வண்டி புதிது மாதிரி ஓடியது.

“ரீச்சர், ஒரு றவுண்ட் அடியுங்க” என்று சாவியை நீட்டினான் யோகன்.

“வேணாம் யோகன். நீயே கொண்டுவந்து விடு. இன்னொருக்கா உடைக்க என்னால ஏலாது.”

யோகன் கொண்டுவந்து அக்காவின் வாசலில் விட்டபோது எண் 73,518. திங்கட்கிழமை நான் விமானம் ஏறினேன்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அக்காவின் மகன் சுதனுக்கு எடுத்து, வண்டி ஓடிய தூரத்தின் எண்ணைக் கேட்பேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுகிறான். “அதே எண்தான் மாமா” என்பான். பன்னிரண்டு மாதமும் 73,518. அக்கா இப்போது ஓட்டோவில் போகிறார். ஓட்டோ வராவிட்டால் வீட்டு வாசல் கடப்படியில் நிற்பார். வெள்ளிக்கிழமைகள் நின்றுவிட்டன. “சித்தாண்டி முருகன் என்னக் காணாட்டிக் குறஞ்சா போயிருவார்?” என்று சிரிப்பார். நான் எடுத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். எப்போதும் வீட்டில்தான்.

ஆரணி படிக்கவென்று கோபன்ஹேகனுக்குப் போய்விட்டாள். குறுஞ்செய்தி டெனிஷில், இரண்டு மூன்று சொல். நண்பர்கள் கேட்டால், “இங்க பிறந்த பிள்ளைகள் அப்பிடித்தான், பாசை போயிட்டுது” என்று சொல்லி வந்தேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் கையில் இருக்கிற காரணம் அது.

6

படிவத்தை அனுப்பிய அதே சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அக்காவுக்கு எடுத்தேன். ஊரில் மூன்று மணி. முதல் மணியிலேயே எடுத்தார்.

“என்ன தம்பி, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?”

“அக்கா, வண்டி உடைஞ்சது உங்களால இல்ல.”

“எந்த வண்டி?”

“உங்கட வண்டி. வாகரையில ரேடியேட்டர் குழாய் வெடிச்ச அண்டைக்கு, சித்தாண்டி வரைக்கும் மெசினில கட்டி இழுத்தன். இழுக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும். யோகன் கேக்கக்குள்ள இல்லையெண்டன்.”

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு,

“எத்தின கட்டை?”

“நாப்பத்தாறு.”

“எண்ணி வெச்சிரிக்காய்.”

“ஓம்.”

“எண்ண ஏலும். சொல்லத்தான் ஏலாமப் போயிரிக்கி.” குரல் உயரவில்லை. வகுப்பில் பிழை விட்ட பிள்ளையிடம் அவர் பேசும் குரல் அதுதான், எனக்குத் தெரியும். “ஒரு வருஷம் கடப்பில நிண்டன்டா. மழைக்குள்ளயும் நிண்டன். எனக்கு ஓடத் தெரியாதெண்டு நானே நம்பிட்டன்.”

நான் ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்தேன்.

“புள்ளைக்குத் தெரியுமா?”

“அவள் அண்டைக்கே வேணாமெண்டு சொன்னவள்.”

“அப்ப அந்தப் புள்ளையும் இத ஒரு வருஷமா வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு இரிக்கா. முதல்ல அவளோட கதை. எனக்கு நீ எடுக்காத. எனக்கு எடுக்கணும்போல இருந்தா எடுப்பன்.”

வைத்துவிட்டார்.

ஆரணிக்கு எடுத்தேன். நான் வழக்கமாக எடுக்காத நேரம் என்பதால், யாராவது செத்துப்போனார்களா என்று டெனிஷில் கேட்டாள். இல்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னது சரி, நான் பிழை என்பதையும் சொன்னேன். அந்தச் சொற்கள் இரண்டு மொழியிலும் எனக்குச் சரளமாக வரவில்லை. பிறகு தமிழில், சொல்லுக்குச் சொல் நின்று நின்று கேட்டாள்:

“மாமி இனி ஓடுவாவா?”

“தெரியாது.”

“சரி” என்றாள். அதுவும் தமிழில்தான்.

7

இன்று வெள்ளிக்கிழமை. ஆறு நாளாக இந்தக் குறிப்பைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வண்டி இன்னும் இங்குள்ள கராச்சின் மஞ்சள் கோட்டுக்கு அங்கால் நிற்கிறது. பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறேன். புதன்கிழமை போன வருடக் கொப்பியை எடுத்து, ஒரே மாதிரி இருக்கும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எழுதினேன்: ‘மெசினில் கட்டி, நியூட்ரலில், 46. ஆரணி வேண்டாமென்றாள். நான் கேட்கவில்லை.’ மை வேறு நிறமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அக்காவுக்கு இரண்டு தடவை எடுத்தேன், எடுக்காதே என்று சொன்னதையும் மீறி. அவர் எடுக்கவில்லை.

இன்று பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொலைபேசி அதிர்ந்தது. அக்காவிடமிருந்து ஒரு படம். எழுத்து இல்லை, குரல் இல்லை. வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் எண் மட்டும். கொஞ்சம் கலங்கிய படம், ஒரு ஓரத்தில் திருநீறு பட்ட பெருவிரல்.

கல்லடியிலிருந்து சித்தாண்டிக்குப் போய்த் திரும்ப நாற்பத்து நான்கு. பென்சில் எடுத்துக் கழித்துப் பார்த்தேன். மறுபடியும் கழித்தேன். சரியாக வந்தது.

உடனே எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அக்கா எடுக்கவில்லை.

இன்றைய பக்கத்தைத் திறந்து, 73,562 என்று எழுதினேன்.